‘அனைவரையும் வரவேற்கிறோம்’ என்ற வரிக்கு என்ன பொருள்?

அமெரிக்காவில் உள்ள சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் வெளியிடும் ஆசிரியர் பணி விளம்பரங்களுக்கு ஏறக்குறைய மாறாத ஓர் அமைப்பு உண்டு. முதலில் துறை, அடுத்து கல்வித் தகுதி, பிறகு கற்பிக்க வேண்டிய பாடங்கள். கடைசியில் ஒரு பத்தி வரும். கல்லூரி பன்மைத்துவத்தை மதிக்கிறது. உயர்கல்வியில் இதுவரை போதிய இடம் பெறாத சமூகங்களைச் சேர்ந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விரும்புகிறது. இனம், நிறம், மதம், பாலினம், வயது, உடற்குறை ஆகிய எதன் பேரிலும் பாகுபாடு காட்டாது என்று அந்தப் பத்தி சொல்லும்.

யாரும் நின்று படிக்காத இந்தப் பத்தி இன்று பெரும் அரசியல் சர்ச்சையின் நடுவில் நிற்கிறது. 2025 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாளே, அதிபர் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட 11246-ஆம் எண் நிர்வாக ஆணை அதன் மூலம் ரத்தானது. அரசுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனங்கள் பாகுபாடு காட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, புறக்கணிக்கப்பட்ட பிரிவினரைத் தேடிச் சென்று வேலைக்கு அழைக்கவும் வேண்டும் என்ற கடமையை ஏறக்குறைய அறுபதாண்டுகளாகத் தாங்கி நின்றது அந்த ஆணைதான். அது போன பிறகு பல வளாகங்களில் அலுவலகப் பெயர்ப் பலகைகள் மாறுகின்றன. விளம்பரத்தின் கடைசிப் பத்தி சுருங்குகிறது.

அரசுக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்து வேலை தேடும் முன்னாள் மாணவர்கள் தங்கள் விண்ணப்பக் கடிதங்களை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம். அவர்களால்தான் இந்தக் கடைசிப் பத்தியைக் கவனிக்கத் தொடங்கினேன். இடஒதுக்கீட்டுக்குப் பழகிய நம் கண்களுக்கு அது விசித்திரமாகத் தெரியும். வரவேற்கிறோம் என்கிறார்கள், எத்தனை இடம் என்று சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

எண் இல்லாத வாக்குறுதி

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது நம் ஊர் கலை அறிவியல் கல்லூரிக்கு நேர் இணையன்று. ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், ஓபர்லின் போன்றவை பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டுமே நடத்தும் தனியார் நிறுவனங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர்களைத் தாண்டுவது அரிது. ஒரு துறையில் ஐந்தாறு ஆசிரியர்களே இருப்பார்கள். பத்தாண்டில் இரண்டு, மூன்று நியமனங்கள் நடந்தால் அதிகம். ஆகவே, ஒவ்வொரு நியமனமும் அந்தத் துறையின் அடுத்த முப்பதாண்டு முகத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

கதவு யாருக்குத் திறந்திருந்தது என்பதற்கு டபிள்யூ.இ.பி. டுபாய்ஸின் வாழ்க்கையே போதும். ஹார்வர்டில் 1895-இல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அடுத்த ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பிலடெல்பியாவின் கறுப்பின மக்களை ஆராய்வதற்காக! ‘உதவிப் பயிற்றுநர்’ என்று ஒரு பதவி கொடுத்தார்கள், வகுப்பு கொடுக்கவில்லை. அந்த ஆய்வு 1899-இல் நூலாக வந்து அமெரிக்க நகரச் சமூகவியலின் முன்னோடிகளில் ஒன்றாயிற்று. அதன் ஆசிரியரோ கறுப்பின மாணவர்களுக்கான அட்லாண்டா பல்கலைக்கழகத்தில்தான் பேராசிரியராக முடிந்தது. தகுதி இருந்தால் இடம் தானே வரும் என்போரிடம் நான் இந்தப் பெயரைச் சொல்வதுண்டு.

1964-இன் குடிமை உரிமைச் சட்டம் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆனால், அதன் ஏழாம் பிரிவிலிருந்து கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் நியமனத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் குற்றமான ஒன்று கல்லூரியில் மேலும் எட்டு ஆண்டுகள் குற்றமாகவில்லை. 1972-இல்தான் அந்த விலக்கு நீங்கியது.

அதே சட்டம் இன்னொன்றையும் சொன்னது: பணியாளர்களின் விகிதம் சமூக விகிதத்தோடு பொருந்தவில்லை என்பதற்காக எந்த முதலாளியும் முன்னுரிமை அளிக்க வேண்டிய கட்டாயமில்லை. பிறகு 1978-இல் பாக்கி வழக்கு வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐ ஒதுக்கிவைத்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால், வகுப்பறையின் பன்மைத்துவம் கல்விக்கு நல்லது என்பதால் மாணவர் சேர்க்கையில் இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகக் கருதலாம் என்று நீதிபதி லூயிஸ் பாவல் எழுதினார். ‘டைவர்சிட்டி’ என்ற சொல் அமெரிக்கக் கல்வி உலகின் தாரக மந்திரமானது அங்கிருந்துதான். வரலாற்று அநீதிக்குப் பரிகாரம் என்ற வாதம் பின்னுக்குப் போய், எல்லோருக்கும் நன்மை என்ற வாதம் முன்னுக்கு வந்தது. நம் ஊர் மொழியில் சொன்னால், சமூகநீதி என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல்வித் தரம் என்ற சொல்லை வைத்தார்கள்.

அந்த வாதமும் மாணவர் சேர்க்கைக்குத்தான் பயன்பட்டது. பன்மைத்துவத்தின் பொருட்டு இனம் பார்த்து ஒருவரை வேலைக்கு எடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருபோதும் சொன்னதில்லை. வெளிப்படையான ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் தன்னார்வத் திட்டங்களுக்கு 1979, 1987 ஆண்டுகளின் தீர்ப்புகள் குறுகிய இடம் தந்தன, அவ்வளவே. 2023 ஜூன் 29 அன்று சேர்க்கைக்கான வாசலும் அடைபட்டது. ஆக, ஒரு கல்லூரி எத்தனை மனப்பூர்வமாக விரும்பினாலும் ‘இந்தப் பணியிடம் கறுப்பினத்தவருக்கு’ என்று அறிவிக்க முடியாது. இரு விண்ணப்பதாரர்கள் சமமாக இருக்கும்போது இனத்தை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும் வழக்கைச் சந்திக்க நேரிடலாம். கல்லூரியின் கையில் எஞ்சியிருப்பது நடைமுறை மட்டும்தான்: யாருக்குத் தகவல் போகிறது, யார் படிக்கிறார்கள், எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்பவை.

நடைமுறை என்ற சிறிய வாசல்

நடைமுறைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகப் பணிக்கான ஒரே விண்ணப்பத்தை அமெரிக்க அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சென்ற படியில் ஆண் பெயர், மற்றவர்களுக்குச் சென்றதில் பெண் பெயர். ஆண் பெயருக்குத் திறமையும் கூடுதலாகத் தெரிந்தது. பரிந்துரைத்த ஊதியமும் கூடியது. பெண் பேராசிரியர்களும் இதில் விதிவிலக்கில்லை. இன்னோர் ஆய்வு, பல்கலைக்கழகம் ஒன்றின் இறுதிப் பட்டியல்களைப் பார்த்தது. நால்வர் பட்டியலில் ஒரே ஒரு பெண் இருந்தால் அவர் தேர்வாகும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. இருவர் இருந்தால் நிலைமை தலைகீழாக மாறியது. தனியொருவராக இருக்கும்போது அவர் வேறுபட்டவராக மட்டுமே தெரிகிறார் போலும்.

இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தவை 2022-இல் வந்த இரு ஆய்வுகள். முனைவர் பட்டம் வழங்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், உள்நாட்டில் பயின்ற ஆசிரியர்களில் 80% பேர் வெறும் 20% பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் என்றது ஒன்று. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால், அவையும் அதே கிணற்றில்தான் நீர் இறைக்கின்றன. மற்றொன்று, பேராசிரியர்களின் பெற்றோரில் ஒருவராவது முனைவர் பட்டம் பெற்றிருக்கும் வாய்ப்பு பொதுமக்களைக் காட்டிலும் 25 மடங்கு வரை அதிகம் என்றது. தச்சர் மகன் தச்சர், தட்டார் மகன் தட்டார் என்பதை நாம் சாதி என்கிறோம். பேராசிரியர் மகள் பேராசிரியர் ஆவதற்கு அங்கே பெயரில்லை.

ஆகவேதான், அக்கறையுள்ள கல்லூரிகள் சில எளிய வழக்கங்களைக் கடைப்பிடிக்கின்றன. விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே மதிப்பீட்டு அளவுகோலை எழுதிவைக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். திருமணமானவரா, குழந்தைகள் உண்டா என்று விசாரிக்கக் கூடாது என்று குழு உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ‘நம்மோடு ஒத்துப்போவாரா’ என்ற சொல்லைக் குழுவில் யாராவது உதிர்த்தால், எதில் ஒத்துப்போக வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், முழுப் பக்கப் பன்மைத்துவப் பிரகடனத்தைவிட இந்தக் கடைசிக் கேள்விக்கு வலிமை அதிகம்.

காயத்தைக் காட்டச் சொல்லும் கடிதம்

எளிய வழக்கங்களோடு நின்றிருக்கலாம். பல நிறுவனங்கள் ஒரு படி தாண்டி, ‘பன்மைத்துவ அறிக்கை’ என்று தனியாக ஒரு கடிதம் கேட்டன. பல்வேறு பின்னணியினரான மாணவர்களுக்கு நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள், என்ன செய்வீர்கள் என்று ஓரிரு பக்கங்களில் எழுத வேண்டும். 2018-19 கல்வியாண்டில் பெர்க்லியில் உயிரியல் துறைகளுக்கு நடந்த ஒரு தேர்வில், இந்த அறிக்கையை மட்டும் படித்தே நான்கில் மூன்று பங்கு விண்ணப்பதாரர்கள் நீக்கப்பட்டார்கள். கணிதவியலாளர் அபிகெய்ல் தாம்ப்சன் 2019-இல் இதை 1950-களின் விசுவாசப் பிரமாணத்தோடு ஒப்பிட்டு எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. இனப் பாகுபாட்டுச் சட்டங்களின் முன்னணி அறிஞரும் கறுப்பினத்தவருமான ராண்டல் கென்னடியும் 2024-இல் இதை எதிர்த்தார். அந்த ஆண்டே எம்.ஐ.டி.யும் ஹார்வர்டின் கலை, அறிவியல் புலமும் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டன. டிரம்ப் வருவதற்கு முன்பே நடந்தவை இவை.

ஆரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து, சமூகவியலில் முனைவர் பட்டம் முடித்த என் மாணவி ஒருவர் இந்த அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது தொலைபேசியில் அழைத்தார். “சார், சாதியைக் குறிப்பிடலாமா?” என்பதுதான் கேள்வி. குறிப்பிட்டால் அமெரிக்கர்களுக்கு அதன் எடை புரியாது. குழுவில் இந்தியர் ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் நன்றாகப் புரிந்துவிடும். எந்தப் புரிதல் தனக்கு உதவும், எது கெடுக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. பன்மைத்துவக் கொள்கைகளின் பட்டியலில் நம் ஊர் வேற்றுமைக்கு இடம் இருந்திருந்தால், அவர் இப்படிக் கணக்குப் போட வேண்டியிருந்திருக்காது.

அந்த இடம் இப்போதுதான் மெல்ல உருவாகிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் தன் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. மெய்ன் மாநிலத்தின் கோல்பி என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி 2021-இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியிலும், பிரவுன் அதே ஆண்டின் இறுதியிலும் சேர்த்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சட்டமே இயற்றியது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை மட்டும் ஆளுநர் கேவின் நியூசம் அதே ஆண்டு அக்டோபரில் திருப்பி அனுப்பிவிட்டார். இருக்கிற சட்டங்களே போதும் என்பது அவர் சொன்ன காரணம்.

மாணவியிடம் நான் சொன்னது இதுதான்: “நீ யார் என்பதை எழுதுவதா வேண்டாமா என்பது உன் விருப்பம்மா. வகுப்பில் என்ன செய்தாய் என்பதைக் கட்டாயம் எழுது.” ஆங்கிலம் பிடிபடாத முதலாண்டு மாணவர்களுக்குச் சென்னையில் இரு மொழிகளிலும் குறிப்பு தயாரித்துக் கொடுத்ததை எழுதினார். வளாக நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இரண்டு நாள் நேர்காணலில் முதல்நாள் இரவு விருந்து. எதிரே அமர்ந்திருந்த பேராசிரியர் மிகுந்த அன்போடு, “உங்கள் பெற்றோர் எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்கள்?” என்று கேட்டாராம். பாகுபாடு காட்டும் எண்ணம் அவருக்குத் துளியும் இருந்திராது. அவர் அறிந்த உலகில் பேராசிரியர்கள் பேராசிரியர்களின் வீடுகளிலிருந்து வருகிறார்கள். 25 மடங்கு என்ற எண் மேசைக்கு எதிரே அமர்ந்து பேசினால் இப்படித்தான் பேசும்.

சமையற்கூடத்தில் இருப்பவர்கள்

வேலைக்கு வருவோரைப் பற்றிய பேச்சு ஏனோ ஆசிரியர்களோடு நின்றுவிடுகிறது. விடுதி, சமையற்கூடம், துப்புரவு, காவல், அலுவலகம் என்று பெரும் பணியாளர் கூட்டம் இல்லாமல் இத்தகைய கல்லூரி ஒருநாள்கூட நடக்காது. ஸ்மித் கல்லூரியில் 2018 ஜூலையில் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். கோடை விடுமுறைக்காக மூடப்பட்ட விடுதி ஒன்றில் கறுப்பின மாணவி ஒருவர் உணவருந்திக்கொண்டிருந்தார். துப்புரவுப் பணியாளர் ஒருவர் வளாகக் காவலை அழைத்தார். மாணவி தன் அனுபவத்தைச் சமூக ஊடகத்தில் எழுத, கல்லூரி உடனடியாக மன்னிப்புக் கேட்டது. பணியாளர் விடுப்பில் அனுப்பப்பட்டார். பின்னர், கல்லூரியே அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்து, பாகுபாட்டுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. அதற்குப் பிறகும் மனச்சாய்வை எதிர்கொள்ளும் பயிற்சிக்கு அமர்த்தப்பட்டவர்களில் குறைந்த ஊதியத்தில் வேலைசெய்யும் பணியாளர்களும் உண்டு.

அந்த மாணவியின் அச்சம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. காவலர் வந்து நிற்பது ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அமெரிக்காவில் என்ன பொருள் தரும் என்பது நாம் அறிந்ததே. ஆனால், பன்மைத்துவத்தை ஊதியத்திலிருந்தும் வர்க்கத்திலிருந்தும் பிரித்து வைத்தால், அதன் சுமை கீழ்ப்படியில் நிற்பவர்மீதே இறங்குகிறது. டிரம்பின் அரசியல் வளர்ந்ததற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு வாசல் காத்திருக்கிறது: டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணி உரிமை. ஆறேழு ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, தொடரலாமா வெளியேறலாமா என்று கல்லூரி முடிவெடுக்கும். துறையின் ஒரே கறுப்பின ஆசிரியரையோ ஒரே தலித் ஆசிரியரையோ இதற்கிடையே எல்லாக் குழுக்களிலும் உட்காரவைப்பார்கள். விளம்பரப் படங்களில் முன்வரிசையில் நிறுத்துவார்கள். மனமுடைந்த மாணவர்களெல்லாம் அவர் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆய்வுக் கட்டுரை எழுத நேரம் இராது. ஆறாம் ஆண்டில், கட்டுரைகள் எங்கே என்று அதே கல்லூரி கேட்கும். விண்ணப்பிக்கும் முன்னாள் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் கேள்வி ஒன்று உண்டு: கடந்த பத்தாண்டில் இந்தக் கல்லூரி நியமித்த சிறுபான்மை இனத்தவரில் எத்தனை பேர் டென்யூர் பெற்றார்கள்? விடை சொல்லத் தயங்கும் கல்லூரியின் கடைசிப் பத்தியை நம்ப வேண்டியதில்லை.

எண்ணும் நடைமுறையும்

நம்மிடம் எண் இருக்கிறது. தமிழ்நாட்டின் 69% இடஒதுக்கீடு, இனச்சுழற்சி முறையில் ஒவ்வொரு பணியிடத்துக்கும் முன்கூட்டியே ஒரு முகவரி எழுதிவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் கனவிலும் காண முடியாத வலிமை இது. ஆனால், அந்த எண்ணைத் தோற்கடிக்கும் வழிகளும் நம்மிடம் உண்டு. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017-இல் பல்கலைக்கழகத்துக்குப் பதிலாகத் துறையை அலகாகக் கொள்ளச் சொன்னபோது, அந்தச் சுழற்சியில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது பட்டியல் சாதியினருக்கு, பதினான்காவது பழங்குடியினருக்கு என்றாயிற்று. பதினான்கு பணியிடங்கள் கொண்ட துறை எங்கே இருக்கிறது? ஆசிரியர்கள் வீதிக்கு வந்தார்கள். 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மத்திய கல்வி நிறுவனங்களில் அதைச் சரிசெய்தது. இன்னொரு வழி இன்றும் திறந்திருக்கிறது: ‘தகுதியானவர் எவரும் இல்லை’ என்று நேர்காணல் குழு ஒரு வரி எழுதிவிட்டால், ஒதுக்கப்பட்ட இடம் காலியாகவே கிடக்கும். அளவுகோலை முன்கூட்டியே எழுதிவைப்பது, காரணத்தைப் பதிவுசெய்வது போன்ற அமெரிக்க நடைமுறைகள் எண்ணோடு சேர வேண்டிய இடம் இதுதான்.

எண்ணும் இல்லை, நடைமுறையும் தெரிவதில்லை என்ற மூன்றாவது நிலை ஒன்று நம் நாட்டிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. சோனிபத்தில் 2014-இல் அசோகா, ஸ்ரீசிட்டியில் 2018-இல் கிரியா என்று அமெரிக்க மாதிரியைத் தழுவிய தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்கள் பெருகுகின்றன. அரசமைப்புச் சட்டத்தின் 15(5) பிரிவு தனியார் நிறுவனங்களின் மாணவர் சேர்க்கையில் ஒதுக்கீடு செய்ய அரசுக்கு வழிவிடுகிறது. பணி நியமனம் பற்றிய 16(4) அரசுப் பதவிகளோடு நின்றுவிடுகிறது. எனவே, இத்தகைய நிறுவனங்களின் ஆசிரியர் நியமனத்துக்கு இடஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. பன்மைத்துவத்தைப் போற்றும் கடைசிப் பத்தி மட்டும் கடல் கடந்து இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, ஆசிரியர்களின் சமூகப் பிரிவு வாரியான எண்ணிக்கையைத் தனியார் பல்கலைக்கழகங்களிடமும் கேட்கிறது. அந்தப் படிவத்தில் நிரப்பும் எண்ணைத் தம் இணையதளத்திலும், பணி விளம்பரத்தின் கடைசிப் பத்திக்குக் கீழேயும் ஆண்டுதோறும் வெளியிட, எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் அவை காத்திருக்க வேண்டியதில்லை.